பன்னிரண்டாவது ஈயவில்லை

அத்தியாயம் 4

சாசரில் ஒரு சொட்டுத் தேத்தண்ணிகூடச் சிந்தவில்லையே. இந்த வீட்டில் இது நடக்காத காரியம்.

லில்லியன் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நேரமும் அதுவல்ல. ஒரு மனிதனின் வேலை போகப்போகிறது. வெளிநாட்டிலிருந்து மூன்று விஞ்ஞானிகள் வரப்போகிறார்கள். அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி, கலாநிதிப் பட்டம் பெற்ற டரல், முகம் கறுத்து எதிரே உட்கார்ந்திருக்கிறான். இந்த நேரத்தில் சாசரைப் பார்த்து வியந்துகொண்டிருக்கும் தன் மூளையை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

முப்பது வருடம் மட்டக்களப்பு நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து எழுதிய மூளை அது. சாட்சிக் கூண்டில் நிற்பவன் கொலையை விவரிக்கும்போதும், அவன் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம் என்பதைத்தான் அது கவனிக்கும். ஓய்வுபெற்ற பிறகு அதற்கு வேறு வேலை கொடுக்கத் தெரியாமல்தான் புளியந்தீவில் தையல்கடை ஒன்றின் மேல்மாடியில் 'லில்லியன் துப்பறியும் சேவை' என்று பலகை மாட்டினாள்.

கிளாரிஸ் ஆன்ரி, அதாவது டரலின் அம்மா, உயிரோடு இருந்த காலத்தில் இந்த வட்டமேசையில் தேத்தண்ணி பாதி கோப்பையிலும் பாதி சாசரிலுமாகத்தான் இருக்கும். மகன் மூன்று வருடம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு வந்தவன். அணுவைப் பிளக்கப் படித்த இடத்தில் தேத்தண்ணி ஊற்றவும் படித்திருப்பான் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு லில்லியன் ஒரு மிடறு குடித்தாள்.

"மொத்தம் பன்னிரண்டு வில்லை, அக்கா," என்றான் டரல். "சுத்தமான ஈயம். ஒவ்வொண்டும் பிஸ்கட் அளவு வட்டத் தகடு. அங்க ஆய்வுகூடத்தில வச்சு வேகமான புரோட்டோனால அடிச்சு, ஆறவிட்டு, இஞ்ச எங்கட ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டு வந்து, அளந்து கட்டுரையும் எழுதினன். செவ்வாய்க்கிழமை அவங்கட ஆக்கள் வந்து திருப்பி அளக்கப்போறாங்க. இப்ப பதினொண்டுதான் இருக்குது."

"ஈயத்த ஏன் சேர் அடிக்கிற? அது என்ன பிழை செஞ்ச?" என்று கேட்டாள் நிஸ்மியா.

நிஸ்மியா லில்லியனின் உதவியாளர். காத்தான்குடிக்காரி. வயது முப்பத்துமூன்று. அவளிடம் ஒரு ஸ்கூட்டியும் ஒரு வாயும் இருந்தன. இரண்டுக்கும் பிரேக் சரியில்லை.

டரல் அவளைப் பார்த்துச் சிரித்தான். தன் பாடத்தைப் பற்றிக் கேட்டால் தூக்குமேடையிலும் சிரிக்கக்கூடிய ஆள் அவன். "கெரம் விளையாடியிருக்கிறீங்களா?"

"என்ட நானாட விரல்நகம் போனதே நான் அடிச்ச அடியிலதான்," என்று தன் அண்ணனை இழுத்தாள் நிஸ்மியா.

"அப்ப சுகம். ஈயத்தின்ட அணுக்கரு நடுவில குவிச்ச காய்கள். புரோட்டோன் ஸ்ட்ரைக்கர். நல்ல வேகமாய் அடிச்சா இரண்டு கட்டமாய் நடக்கும். முதல்ல, அடிபட்ட காய்கள் சிலது பாய்ஞ்சு போகும். அனேகமாய் ஸ்ட்ரைக்கர் போன திசையிலேயே போகும். எல்லாரும் அதோட ஆட்டம் முடிஞ்சுது என்டு நினைப்பாங்க. முடியிறல்ல. மிஞ்சின கூட்டம் சூடேறிப்போய் இருக்கும். பிறகு, கொதிக்கிற தண்ணியில ஆவி போற மாதிரி, நாலு பக்கமும் ஒவ்வொண்டாய் நியூத்திரன் கழன்டு போகும். ஒரு அடிக்கு இருபதுகூட வரும். அதிகமாய் வாறது இந்த இரண்டாம் கட்டத்திலதான்."

"மறுகா என்ன மிஞ்சும்?"

"ஈயம் வேற ஆளாய் மாறிடும். பாதரசம், தாலியம், பிஸ்மத்..."

"தங்கம்?"

"தங்கமும் வரும்."

நிஸ்மியா கோப்பையைக் கீழே வைத்தாள். "சேர், இத முதலே சொல்லியிருக்கலாமே."

"எறும்புக்கு மூக்குத்தி செய்யவும் காணாது. செஞ்சாலும் கொஞ்ச நாளில அது தங்கமாய் இருக்காது."

"என்ட கலியாணத்துக்குத் தந்த சங்கிலியும் அப்பிடித்தான் சேர்," என்று நிஸ்மியா மறுபடி கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

டரல் மேசைக்கு அடியிலிருந்த பையிலிருந்து செங்கல் அளவில் ஒரு மஞ்சள் கருவியை எடுத்து வைத்தான். அது அங்கொன்று இங்கொன்றாக 'டிக்' என்றது. "இது சும்மா இருக்கக்குள்ளயும் இப்பிடித்தான். ஆனா புரோட்டோன் பட்ட ஈயத்தில ஒரு வகைப் பிஸ்மத் தங்கியிருக்கும். முப்பது வருசம் போனாலும் பாதிதான் குறையும். அதுக்குக் கிட்டப் போனா இந்த மிசின் கத்தும். இதக் கொண்டுபோய் மண்டூரில தங்கராசாவின்ட வலைக்கொட்டிலப் பாருங்க. நானும் நிர்வாகியும் போன கிழமை போய்ப் பார்த்தம். கத்திச்சு."

தங்கராசா நிலையத்தின் ஆய்வுகூட உதவியாளர்; வேலை முடிந்தால் வாவியில் வலை வீசுபவர். வில்லைகள் இருந்த பெட்டகத்தின் இரண்டாவது சாவி அவரிடம்தான் இருந்தது. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். இப்போது இடைநிறுத்தத்தில் இருக்கிறார். திங்கட்கிழமை விசாரணை. இன்று சனி.

"வில்லை கிடைச்சுதா?"

"எங்க கிடைக்கிற? உருக்கி வலைக்கு மணி ஊத்தியிருப்பான். அதுதான் இடமே கத்துது. நீங்க போய்ப் பார்த்து, களவு போனது உண்மை என்டு ஒரு அறிக்கை எழுதித் தந்தாப் போதும். உங்கட கையெழுத்துக்கு நீதிமன்றத்திலயே மதிப்பு இருக்குது, அக்கா."

அறிக்கையை அவனே தட்டச்சுச் செய்து வைத்திருந்தான். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தான். அதை நகர்த்தி அவள் பக்கம் வைத்தான். லில்லியன் அதை மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். சாட்சியம் கேட்பதற்கு முன்னர் எழுதி முடிக்கப்பட்ட தீர்ப்புகள் சிலவற்றை அவள் தன் காலத்தில் பார்த்திருக்கிறாள். அவற்றில் எழுத்துப்பிழையே இருக்காது.

*

குருமண்வெளித் துறையில் ஸ்கூட்டியோடு பாதைப் படகில் ஏறினார்கள். பலகை பாவிய அந்த இயந்திரப் படகுதான் வாவியைக் கடந்து மண்டூருக்கு ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் கொண்டுபோகும். நிஸ்மியா கருவியை மீன் வாங்கும் பையில் வைத்திருந்தாள். பைக்குள்ளிருந்து 'டிக்' என்றது. பக்கத்தில் நின்ற பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, மணிக்கூடா?"

"ஓம் வாப்பா. ஆனா நேரம் சரியில்ல."

அவர் நகரவில்லை. தங்கராசாவின் வீடு எது என்று லில்லியன் கேட்டதும்தான் நகர்ந்தார். அவரோடு இன்னும் நாலு பேர் நகர்ந்தார்கள். படகின் ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்தது.

வீட்டு வாசலில் தங்கராசாவின் மனைவி அன்னப்பூரணி நின்றாள். இடுப்பில் குடம் இல்லாமலே இடுப்பில் கையை வைத்து நிற்கும் பெண். "நீங்களும் மிசினோடதான் வந்திருக்கிறீங்க. வாங்க. பாருங்க. இந்தக் கிணத்தில அஞ்சு வீட்டார் தண்ணி அள்ளின. இப்ப ஒருத்தரும் வாறல்ல. கோயிலுக்குப் போனா, பக்கத்தில நிக்கிறவள் சீலைய இழுத்துப் பிடிக்கிறாள். எங்கட வீட்டில அணு இரிக்காம்."

"எல்லார்ர வீட்டிலயும் இரிக்கு அக்கா," என்றாள் நிஸ்மியா. "சுவரே அதாலதான் செஞ்சிரிக்கு."

அன்னப்பூரணி அவளை முறைத்துவிட்டு, பிறகு என்ன நினைத்தாளோ, இரண்டு இளநீர் வெட்டிக் கொண்டுவரப் போனாள்.

தங்கராசா வலைக்கொட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். லில்லியன் முன்னால் உட்கார்ந்ததும் அவர் எழுந்து நின்றார். உட்காரச் சொன்ன பிறகும் பாதிதான் உட்கார்ந்தார்.

"நான் எடுக்கல்ல மிஸ். ஆனா எனக்கே இப்ப சந்தேகம். சேர் சொன்னாப் பிழைக்காது. மிசினும் கத்திச்சு. என்ட கைக்குத் தெரியாம ஏதும் இஞ்ச வந்திட்டோ என்டு நாள் முழுக்க யோசிச்சுக்கொண்டு இரிக்கன்."

கூண்டில் நின்ற எத்தனையோ பேரின் குரலை லில்லியன் எழுதியிருக்கிறாள். செய்தவன் ஒருநாளும் தன்னைச் சந்தேகப்பட்டதில்லை. அவனுக்குத்தான் என்ன நடந்தது என்று தெரியுமே. தன்மேலேயே சந்தேகம் கொள்ள ஒன்றும் செய்யாதவனால்தான் முடியும். ஆனால் இதை எந்தச் சட்டப்புத்தகத்திலும் சேர்க்கமாட்டார்கள்.

"வலைய விரியுங்க," என்றாள்.

வீச்சுவலை விரிந்தது. அதன் ஓரம் முழுக்க ஈயமணிகள். நிஸ்மியா கருவியைப் பிடித்தபடி தவழ்ந்து தவழ்ந்து ஒரு முழு வட்டம் போனாள். டிக். பிறகு ஒன்றுமில்லை. பிறகு டிக்.

"மிஸ், இந்த வலைய விட என்ட சாச்சி கூடக் கத்துவா."

"மற்ற வலை?"

மற்ற இரண்டு வலைகளும் வாய் திறக்கவில்லை. தோணி, துடுப்பு, நங்கூரக் கல், ஒன்றும் இல்லை. நிஸ்மியா எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, கருவியைக் கையில் ஆட்டியபடி சுவரோரத் தட்டுப் பக்கம் போனாள். கருவி கத்தத் தொடங்கியது.

சாதாரணக் கத்தல் அல்ல. சூடான தாச்சியில் கடுகு போட்டதுபோல. இளநீரோடு வந்த அன்னப்பூரணி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். தங்கராசா கண்ணை மூடிக்கொண்டார்.

தட்டில் ஒரு துருப்பிடித்த பிஸ்கட் தகரம் இருந்தது. "திற," என்றாள் லில்லியன்.

நிஸ்மியா திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். நைலோன் நூல். வலை ஊசி. பாதிச் சவர்க்காரம். முருகன் படம். எதுவும் கத்தவில்லை. கடைசியாக நாலு சின்னக் கடதாசிப் பக்கட்டுகள். கருவி அவற்றின்மேல் விழுந்து அழுதது.

நிஸ்மியா ஒன்றைப் பிரித்தாள். குழந்தையின் காலுறைபோல வெள்ளையாக ஒரு வலைத்துணி. "மிஸ், இது பெற்றோமக்ஸ் விளக்கின்ட மென்டில்."

"பழசு," என்றார் தங்கராசா. "இறாலுக்குப் போகக்குள்ள கொழுத்தினது. இப்ப எல்லாரும் பற்றரி லைட்தானே."

நிஸ்மியா ஒரு கையில் மென்டிலும் மறு கையில் தொலைபேசியுமாகத் தேடினாள். "இந்தா இரிக்கு. பழைய மென்டிலில தோரியம் என்டு ஒண்டு கலப்பாங்களாம், நல்ல வெளிச்சத்துக்கு. அதுக்கும் இந்த மிசின் கத்துமாம்." அவள் அன்னப்பூரணியைப் பார்த்தாள். "அக்கா, உங்கட கொட்டிலில இரிக்கிற அணு கடையில வாங்கின அணு."

அன்னப்பூரணி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இளநீரை வைத்துவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

லில்லியன் பக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பிடிக்காத ஒரு கேள்வி வந்தது. "தங்கராசா, மென்டிலுக்கு மிசின் கத்தும் என்டு டரல் சேருக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன மிஸ்? வருசா வருசம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிலையத்தப் பார்க்க வரக்குள்ள அவர்தானே மென்டிலப் பிடிச்சு மிசினக் கத்த வைக்கிற. பிள்ளைகள் கைதட்டும்."

"மென்டில் ஆர் கொண்டு வாற?"

"நான்தான். எனக்கிட்டத்தானே பழசு இரிக்கு."

நிஸ்மியா கருவியைப் பக்கட்டுகளிலிருந்து தள்ளி வைத்தாள்.

"இத ஏன் மனிசா இவ்வளவு நாளும் வாயத் திறந்து சொல்லல்ல?" என்றாள் அன்னப்பூரணி.

"ஆரு கேட்ட? கத்தினது இந்தத் தகரம் என்டே எனக்குத் தெரியா. சேர் தட்டுக்குக் கிட்டப் போனார். கத்திச்சு. 'போதும்' என்டு வெளிய வந்திட்டார். தகரத்தத் திறக்கச் சொல்லல்ல."

*

திரும்பும் படகில் நிஸ்மியா மூன்று சந்தேக நபர்களைக் கண்டுபிடித்தாள். நிர்வாகி, காவலாளி, பிறகு தொலைதூரத்தில் ஏதோ ஒரு பகைநாடு. லில்லியன் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொலைந்ததைத் தேடிப் போகிறவன், அது இருக்கிற இடத்துக்குக் கிட்ட வந்ததும் தேடுவதை நிறுத்துவானா? கத்தியதும் 'போதும்' என்றானாம். அவனுக்கு வில்லை வேண்டியிருக்கவில்லை. கத்தல்தான் வேண்டியிருந்திருக்கிறது.

ஆனால் ஏன்? தன் வில்லையைத் தானே ஏன் ஒளிக்கவேண்டும்? அதுவும் ஒளிக்கவே முடியாத ஒன்றை?

"என்ன மிஸ், மூளை சூடேறிப்போய் இரிக்கு போல."

"கத்துற சாமான் ஒண்ட எப்பிடி ஒளிக்கிற, நிஸ்மியா?"

"ஏலா. எங்கட வீட்டில ஒரு சேவல் இரிந்த. என்ட நானா எங்கயோ தூக்கிக்கொண்டு வந்த. வாப்பாக்குத் தெரியாம அலுமாரிக்குள்ள வச்சம், பரண்ல வச்சம், கூவிக் கூவிக் காட்டிக் கொடுத்த. கடைசியா அறுத்த பிறகுதான் ஒளிக்க ஏலுமாகின, சட்டிக்குள்ள."

லில்லியன் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"கூவாத சேவல்," என்றாள்.

"ஓம். நல்ல ருசி."

"எல்லாரும் மிசினத் தூக்கிக்கொண்டு கூவுற சேவலத் தேடுறம். அது கூவாத சேவல் என்டா?"

நிஸ்மியாவுக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் அவள் குனிந்து மீன்பையைத் திறந்து பார்த்தாள். மீன்பைக்குள் கருவி ஒரு டிக் போட்டது.

*

பின்னேரம் ஐந்து மணிக்கு அதே வட்டமேசை. டரல் மூன்று கோப்பைகளையும் விளிம்புவரை நிரப்பினான். ஒரு தட்டில் லவ் கேக் வெட்டி வைத்திருந்தான். "கத்திச்சுதா அக்கா?"

வரும் வழியில் லில்லியன் பெரிய பேச்சு ஒன்றைத் தயார் செய்திருந்தாள். மென்டில், பள்ளிப் பிள்ளைகள், திறக்காத தகரம் என்று வரிசையாக. படியேறும்போது அதையெல்லாம் கைவிட்டாள். இவனே காலையில் வழி சொல்லித் தந்திருக்கிறான். கனமான ஆளை அடிக்கக் கனமான சொல் தேவையில்லை. சின்னதாக ஒன்று, வேகமாக, நடுவில் படவேண்டும். பிறகு பொறுத்திருக்க வேண்டும்.

"டரல், பன்னிரண்டாவது கத்துமா?"

முதல் கட்டம் உடனே வந்தது. எல்லாம் ஒரே திசையில்.

"என்ன கேள்வி இது, மேன்? புரோட்டோன் பட்டது கத்தாம என்ன செய்யும்? கட்டுரையில எண் இருக்குது, போய்ப் பாருங்க. நீங்க அவன்ட இளநீரக் குடிச்சிட்டு வந்து என்னைக் கேள்வி கேக்கிறீங்களா? சாவி அவனிட்ட. கொட்டில் கத்துது. இன்னும் என்ன வேணும்?"

நிஸ்மியா வாயைத் திறந்தாள். லில்லியன் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். எல்லோரும் இந்த இடத்தில்தான் ஆட்டம் முடிந்தது என்று நினைப்பார்களாம். சட்டத்தரணிகளும் இந்த இடத்தில்தான் உட்கார்ந்துவிடுவார்கள்.

லில்லியன் பேசாமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி விளிம்பில் நின்றது. டரலின் முழங்கை மேசைமேல் அழுந்தியிருந்தது. சாசரில் ஒரு சொட்டு இல்லை.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் சுவர் விழுந்து ஒரு கால் நீளம் குறைந்துபோன மேசை இது. அடுத்த வருடம் பிறந்த டரலுக்கு இது ஒரு காலத்தில் ஆடாத மேசையாக இருந்தது என்பதே தெரியாது. கிளாரிஸ் ஆன்ரி நெருப்புப்பெட்டி வைத்துப் பார்த்தாள், தேங்காய்ச் சிரட்டை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு நத்தாருக்கும், கிறிஸ்மஸ் கேக் வெட்டும்போது, இந்த மேசையில் லில்லியனின் உடுப்பில் ஏதாவது ஊற்றுப்பட்டிருக்கிறது. இவன் தேத்தண்ணி ஊற்றப் படித்து வரவில்லை. மேசைதான் ஆடாமல் நிற்கிறது.

அவள் அசையவில்லை. இன்னும் கொதிக்கட்டும்.

டரல் சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டான். கேக் துண்டு ஒன்றை எடுத்துத் திரும்ப வைத்தான். "அங்க வில்லைகள அடிக்க எங்களுக்குத் தந்தது பன்னிரண்டு மணித்தியாலம்தான்," என்றான், ஜன்னலைப் பார்த்து.

சிறிது நேரம் கழித்து, "அம்மாக்கு நோய் கடுமை என்டு அந்தக் கிழமைதான் போன் வந்தது."

பிறகு, தன் கையைப் பார்த்து, "கடைசி வில்லையை வைக்கக்குள்ள புரோட்டோன் கற்றை நின்டுபோச்சு. ஏதோ பழுது. திருத்த நாலு நாளாகும் என்டாங்க. எனக்குப் பிளேன் அடுத்த நாள்."

பிறகு நிஸ்மியாவைப் பார்த்து, "பதினொரு வில்லையின்ட புள்ளியும் வரைபில ஒரு கோட்டில அழகாய்ப் போகுது. பன்னிரண்டாவது எங்க விழும் என்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அது விழுற இடத்தில வச்சன். அவ்வளவுதான். பிழையான எண் ஒண்டும் இல்ல. அடிச்சிருந்தா அதுதான் வந்திருக்கும்."

ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. ஆனால் அதிகமாக வந்தது இப்போதுதான்.

லில்லியன் குனிந்தாள். ஒரு கையால் மேசையைச் சற்றுத் தூக்கி, மறு கையால் குறைந்த காலுக்கு அடியிலிருந்த மங்கலான வட்டத்தை இழுத்தெடுத்தாள். மேசை தன் பழைய பக்கம் சாய்ந்தது. மூன்று கோப்பைகளும் ஒரே நேரத்தில் சாசரில் சிந்தின.

"ஆ," என்றாள் நிஸ்மியா, தன் சாசரைப் பார்த்து. "இப்பதான் கிளாரிஸ் ஆன்ரி வீடு."

ஈயவில்லையின் ஓரத்தில் 12 என்று கீறியிருந்தது. நிஸ்மியா கருவியைக் கிட்டக் கொண்டுபோனாள். டிக். நெடுநேரம் ஒன்றுமில்லை. டிக். வெறும் வீட்டில் வைத்ததுபோலத்தான். ஒரு புரோட்டோனும் தொடாத ஈயம்; செவ்வாய்க்கிழமை அளந்திருந்தால் இவன் பொய் வெளியே வந்திருக்கும்.

"இத வாவிக்குள்ள எறிஞ்சிருக்கலாமே சேர்."

"எறியத்தான் போனன். கல்லடிப் பாலத்தில அரை மணித்தியாலம் நின்டன்." டரலின் குரல் இறங்கியிருந்தது. "ஈயம், மேன். மீனுக்கு நஞ்சு."

நிஸ்மியா சிரிப்பதா என்று லில்லியனைப் பார்த்தாள். லில்லியன் சிரிக்கவில்லை. மனிதருக்குள் நேர்மை எங்கே இருக்கும், எங்கே இல்லாமல் போகும் என்று அவளால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. வாவி மீனுக்கு இரங்கியவன், அந்த மீனைப் பிடிக்கிறவனின் கொட்டிலில் மென்டில் இருப்பதை நினைவில் வைத்திருந்திருக்கிறான்.

டரல் நாற்காலியை இழுத்து அவளுக்குக் கிட்ட வந்தான். சின்ன வயதில் மாங்காய் கேட்டு வரும்போது வரும் அதே மாதிரி.

"அக்கா, கேளுங்க. நாளைக்கே தங்கராசா மேல போட்டதத் திருப்பி எடுக்கிறன். திங்கட்கிழமை அவன் வேலைக்கு வரலாம். நானே மண்டூருக்குப் போய்க் கூட்டி வாறன். நீங்க களவு என்டு எழுத வேண்டாம். 'வில்லை கிடைக்கல்ல' என்டு மட்டும் எழுதுங்க. ஒரு வரி. அவங்க பதினொண்ட அளந்திட்டுப் போயிடுவாங்க. ஒருத்தருக்கும் ஒரு நட்டமும் இல்ல. நம்மட பறங்கி ஆக்களில இஞ்ச எத்தின பேர் மிச்சம் இருக்கிறம்? அதில ஒருத்தன் விஞ்ஞானி. அதையும் இல்லாமச் செய்யப்போறீங்களா?"

நல்ல பேச்சு. லில்லியன் அதை மனதுக்குள் சுருக்கெழுத்தில் எழுதிப் பார்த்தாள். தங்கராசாவுக்கு வேலை கிடைக்கும். ஓய்வூதியமும் கிடைக்கும். இவனுக்குப் பெயர் மிஞ்சும். நத்தாருக்கு இந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும். கூட்டிப் பார்த்தால் எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கத்தான் செய்கிறது.

அன்னப்பூரணியின் கிணறு மட்டும் கூட்டலுக்குள் வரவில்லை. கிடைக்காத வில்லை எங்கே போனது என்று மண்டூரில் ஐந்து வீட்டார் சாகும்வரை பேசுவார்கள். அந்த மனிதரும் தன் கையையே பார்த்துக்கொண்டு, தெரியாமல் ஏதும் வந்துவிட்டதோ என்று யோசித்துக்கொண்டே இருப்பார்.

கிளாரிஸ் ஆன்ரியின் முகம் ஒருமுறை வந்து போனது. போகட்டும் என்று விட்டாள்.

அவள் திங்கட்கிழமை விசாரணைக்கென்று வில்லையைக் கைக்குட்டையில் சுற்றி நிஸ்மியாவின் மீன்பைக்குள், கருவிக்குப் பக்கத்தில் வைத்தாள். கைப்பையைத் திறந்து அறிக்கையை எடுத்தாள். டரல் அவசரமாகத் தன் பேனையை நீட்டினான்.

லில்லியன் பேனையை வாங்கவில்லை. கடதாசியை இரண்டாக மடித்தாள். பிறகு நாலாக. பிறகு எட்டாக, நகத்தால் விளிம்பை நன்றாக அழுத்தினாள். அதன்பின் குனிந்து, மேசையைச் சற்றுத் தூக்கி, அதைக் குறைந்த காலுக்கு அடியில் வைத்தாள்.

நிமிர்ந்து, விளிம்பில் கையை ஊன்றி அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை.

"தேத்தண்ணி ஆறுது, டரல்," என்றாள். "குடி."